தொந்தி வைத்த 'டி' எழுத்தும் நம் குழுப் பணமும்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



"மேடம், எங்களுக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் கத்துக்குடுங்க" என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டு இருக்கிறீர்கள். அரை மணி நேரத்தில் இங்கிலீஷ் முழுசும் யாராலும் சொல்லித் தர முடியாது. அதனால் ஒரு கூட்டத்துக்கு ஒரு எழுத்து என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் 'ஏ'யில் ஆரம்பித்து ஆப்பிள் என்பார்கள். நான் 'டி'யில் ஆரம்பிக்கப் போகிறேன். காரணம், நம்ம பாஸ்புக்கிலும் லோன் கார்டிலும் புரோநோட்டிலும் பணத்தை நம்ம கையை விட்டுப் போக வைக்கிற வார்த்தைகளில் நிறைய இந்த எழுத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஆப்பிள் தெரியாவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை.

முதலில் எழுத்தைப் பாருங்கள். பெரிய எழுத்து என்றால் நிமிர்ந்து நிற்கிற ஒரு கோடு, அதற்கு முன்னால் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு தொந்தி. சின்ன எழுத்து என்றால் கோடு வலது பக்கம் போய்விடும், வயிறு இடது பக்கம் வந்து சின்னதாகிவிடும். வயிறு வலது பக்கம் இருந்தால் அது 'பி', நம்ம எழுத்து இல்லை. இன்னொரு குழப்பமும் உண்டு. தமிழில் நமக்கு 'ட' ஒன்றுதான். இங்கிலீஷில் அதே மாதிரி காதில் விழுகிற எழுத்து இரண்டு. பந்தல் கால் மேல் குறுக்குச் சட்டம் வைத்த மாதிரி இருப்பது டீச்சர், டோக்கன், டேக்ஸ் எல்லாவற்றுக்கும் உள்ள எழுத்து. தொந்தி வைத்ததுதான் இன்றைக்கு நமக்குப் பாடம்.

இப்போ பாஸ்புக்கை எடுங்க. கொண்டுவந்தவர்கள் பக்கத்தில் இருப்பவருக்கும் காட்டுங்க. ஒரு பத்தியில் டெபாசிட் அல்லது கிரெடிட் என்று இருக்கும், அது உள்ளே வந்த பணம். இன்னொரு பத்தியில் டெபிட் என்று இருக்கும், அது வெளியே போன பணம். சில வங்கியில் சுருக்கமாக 'டிஆர்' என்று போடுவார்கள். ஒரு அக்கா என்னிடம், "நான் அந்த மாசம் டாக்டர்கிட்டயே போகலியே, எதுக்குப் பணம் புடிச்சாங்க?" என்று கேட்டார். சிரிக்காதீங்க. கேட்டதனால் தெரிந்துகொண்டார். கேட்காமல் இருப்பவர்கள்தான் நம்மில் அதிகம்.

ஆட்டோ டெபிட் என்று ஒன்று இருக்கிறது. நாம் போய்க் கையெழுத்துப் போடாமலேயே, முன்பு ஒருமுறை கொடுத்த சம்மதத்தை வைத்து வருஷா வருஷம் தானாகப் பிடிப்பது. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்ற விபத்துக் காப்பீடு 2015 மே மாதம் தொடங்கியது. முதலில் வருஷத்துக்கு 12 ரூபாய் பிடித்தார்கள், 2022 ஜூனிலிருந்து 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை சேரலாம், விபத்தில் இறந்தால் 2 லட்சம் ரூபாய். அதனுடன் வந்த இன்னொன்று ஜீவன் ஜோதி பீமா யோஜனா. இது எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். 330 ரூபாயாக இருந்தது, 2022-ல் 436 ஆனது. சேருவதற்கு 18 முதல் 50 வயது.

நம்ம பகுதியில் ஒரு குழு உறுப்பினரின் கணவர் சாலை விபத்தில் இறந்துவிட்டார். காரியம் எல்லாம் முடிந்து, இருந்த ஆட்டையும் விற்று, குழுவில் உள்கடன் கேட்டு அந்த அம்மா வந்திருந்தார். தீர்மானம் எழுதும்போது, வங்கிக் கணக்கு விவரம் வேண்டும் என்று கணவருடைய பாஸ்புக்கையும் சேர்த்து எடுத்துவந்தார். அதில் ஒவ்வொரு ஜூன் மாசமும் ஒரு சின்ன டெபிட். 12, 12, 12, பிறகு 20. வீட்டில் ஒருத்தருக்கும் அது என்ன என்று தெரியாது. எப்போதோ கணக்கு ஆரம்பித்தபோது அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நல்லவேளை, போலீஸ் எஃப்.ஐ.ஆரும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் பத்திரமாக இருந்தன. வங்கிக் கிளைக்குப் பலமுறை நடந்து, பல மாசம் கழித்து 2 லட்சம் அவர் கணக்கில் வந்தது. அந்த வரியை யாரும் படிக்காமல் இருந்திருந்தால்? வந்திருக்க வேண்டிய பணம் வராமலேயே போன வீடுகள் எத்தனை இருக்குமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அந்த விண்ணப்பத்தை நிரப்பும்போது இன்னொரு 'டி' வந்தது. 'டிசீஸ்டு' பெயர் என்ன என்று கேட்டிருந்தது. கூட வந்த பையன் பத்தாவது படித்தவன், "என்ன வியாதின்னு கேக்குறாங்கம்மா" என்று சொல்லிவிட்டான். டிசீஸ் என்றால் வியாதி. டிசீஸ்டு என்றால் இறந்துபோனவர். கடைசியில் ஒரு சின்ன சத்தம்தான் வித்தியாசம், எழுத்தும் நடுவில் கொஞ்சம் மாறும். வியாதி என்று ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தால் விபத்துக் காப்பீட்டு விண்ணப்பத்தில் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

இதே மாதிரி இரட்டைப் பிள்ளைகள் இன்னும் இரண்டு. இ-சேவை மையத்தில் சான்றிதழ் எடுக்கப் போனால் கம்ப்யூட்டரில் பட்டியல் வரும். 'டெஸ்டிட்யூட் விடோ' என்றால் ஆதரவற்ற விதவை. 'டெசர்ட்டட் உமன்' என்றால் கணவனால் கைவிடப்பட்ட பெண். இரண்டும் வேறு வேறு சான்றிதழ். அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அழுத்திவிட்டால் மனு திரும்பி வரும், மறுபடி அலைய வேண்டியது நாம்தான். "நீங்க எந்தச் சர்ட்டிபிகேட்டுக்குப் போடுறீங்க தம்பி, தமிழ்ல சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு விவரம் கொடுங்க.

அடுத்து டேட், தேதி. இது எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை. தெரிந்த வார்த்தை என்பதாலேயே இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். இதை டிமாண்ட் என்ற வார்த்தையோடு சேர்த்துச் சொன்னால்தான் விளங்கும். டிமாண்ட் என்றால் கேட்பது. 'டிமாண்ட் டிராஃப்ட்' என்றால் காட்டியவுடன் வங்கி பணம் கொடுக்க வேண்டிய ஓலை, அதுதான் டிடி. செக்கானாலும் டிடியானாலும் அதில் போட்ட தேதியிலிருந்து 3 மாசம்தான் செல்லும், 2012 ஏப்ரல் முதல் அப்படி. அதற்கு முன்னால் 6 மாசம் இருந்தது. பழைய நினைப்பில் அஞ்சறைப் பெட்டியில் போட்டு வைத்துவிடாதீர்கள்.

'டிபி நோட்' என்று சொல்வதும் இதே டிமாண்டுதான். நாம் புரோநோட்டு என்கிறோமே, அது. "கேட்கும்போது இந்தத் தொகையை வட்டியுடன் கொடுக்கிறேன்" என்று நாம் எழுதிக் கொடுப்பது. ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, தொகையும் எழுதாமல், தேதியும் போடாமல், "சும்மா கையெழுத்து மட்டும் போடும்மா, மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்தான், அதில் சந்தேகமே இல்லை! 1881-ம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஸ்டாம்பு ஒட்டிய வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், வைத்திருப்பவர் அதைப் பூர்த்தி செய்துகொள்ள நாமே அதிகாரம் கொடுத்ததாக எடுத்துக்கொள்ளப்படும். "நான் வாங்கினது 10 ஆயிரம்தான், அவங்க லட்சம்னு எழுதிட்டாங்க" என்று நாம் அப்புறம் கோர்ட்டில் நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

தேதி ஏன் முக்கியம் என்றால், புரோநோட்டுக்குக் காலக்கெடு 3 வருஷம். நோட்டில் போட்டிருக்கிற தேதியிலிருந்து எண்ணுவார்கள். தேதிக்கு இடம் விட்டுக் கொடுத்தால், எந்த வருஷத்துத் தேதியையும் போட்டுக்கொள்ளலாம். கடன் வாங்கியது என்றைக்கோ, நோட்டில் இருப்பது போன மாசத்துத் தேதி. இன்னொன்றும் கவனியுங்கள். கொஞ்சம் பணம் கட்டும்போது நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள் இல்லையா? காலக்கெடு முடிவதற்குள் அப்படி எழுதினால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி 3 வருஷம் ஆரம்பிக்கும். வரவு எழுதுவது தப்பு என்று நான் சொல்லவில்லை, கட்டின பணத்துக்கு அது சாட்சி. ஆனால் அதிலும் தொகையும் தேதியும் நாம் பார்க்க எழுதின பிறகே கையெழுத்து. எழுதத் தெரியாதவர்கள் பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். முழுசும் அடைத்துவிட்டால் நோட்டைக் கையில் வாங்கிக் கிழித்துப் போட்ட பிறகுதான் அந்த வீட்டுப் படி இறங்க வேண்டும்.

டியூ என்ற வார்த்தையை நாம் தவணை என்ற அர்த்தத்தில் சொல்கிறோம். "செவ்வாக்கிழமை டியூ இருக்கு" என்கிறோம். இங்கிலீஷில் அதற்கு, குறித்த நாளில் சேர வேண்டியது என்று பொருள். 'டியூ டேட்' கட்ட வேண்டிய நாள், 'ஓவர்டியூ' நாள் தாண்டிப்போனது, 'நோ டியூ சர்ட்டிபிகேட்' பாக்கி எதுவும் இல்லை என்ற சான்று. கடன் முடிந்ததும் அதை வாங்காமல் விடக்கூடாது. இதே வார்த்தை வேறு வேஷத்திலும் வரும். செக் திரும்பி வரும்போது 'டியூ டு' என்று ஆரம்பித்து ஏதாவது எழுதியிருந்தால், அங்கே அதற்கு 'இன்ன காரணத்தால்' என்று அர்த்தம். பாக்கி என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

டியூ கட்டத் தவறினால் டிஃபால்ட். வங்கிக் கடனில் 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் அதை வாராக்கடன் பட்டியலில் சேர்ப்பார்கள். சிபில் என்று பேசிக்கொள்கிறார்களே, அந்த மாதிரி கடன் விவரம் சேர்க்கிற நிறுவனங்கள் நாட்டில் 4 இருக்கின்றன. வருஷத்துக்கு ஒருமுறை நம்ம முழு விவரத்தையும் அவர்களிடம் இலவசமாகக் கேட்டு வாங்கலாம். நாம் வாங்காத கடன் நம் பேரில் இருக்கிறதா என்று அதில் தெரியும். ஆதார் ஜெராக்ஸைக் கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தவர்கள் அவசியம் பாருங்கள்.

இப்போ கணக்கு. வட்டியைப் பற்றிக் கேட்டால், "12 பர்சென்ட்தாங்க, நூத்துக்கு ஒரு ரூபா" என்று இரண்டு பேர் சொல்வார்கள். இரண்டு பேர் சொல்வதும் ஒன்று இல்லை. ஒருவர் சொல்வது 'டிமினிஷிங்', அதாவது குறைகிற பாக்கிக்கு வட்டி. மற்றவர் சொல்வது 'ஃபிளாட்', அதாவது முதலில் வாங்கின தொகைக்கே கடைசி வரை வட்டி. 12,000 ரூபாய் கடன், 12 மாசம், மாசம் 1,000 அசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாட்டில் ஒவ்வொரு மாசமும் 120 ரூபாய் வட்டி, மொத்தம் 1,440. டிமினிஷிங்கில் முதல் மாசம் 120, அடுத்த மாசம் பாக்கி 11,000-க்கு 110, அதற்கடுத்து 100, இப்படிக் குறைந்து கடைசி மாசம் 10. கூட்டிப் பாருங்கள், மொத்தம் 780. வித்தியாசம் 660 ரூபாய். அந்த ஃபிளாட் 12 பர்சென்ட்டைப் பாக்கிக்குப் பாக்கி கணக்குப் போட்டால் 21 பர்சென்ட்டுக்கு மேல் வருகிறது.

நம்ம குழுவில் உள்கடனுக்கு நாம் போடுவது இந்தக் குறைகிற பாக்கி முறைதான். பள்ளிக்கூடம் போகாத அக்காகூட, "போன மாசம் கட்டினதுக்கு எப்படி வட்டி போடுவீங்க?" என்று குழுவில் சண்டை போடுவார். அதே அக்கா வெளிக் கடனில் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. குழுவில் வாயாடி, வெளியே வாய்மூடி. எனக்கு இதுதான் புரிவதில்லை.

கடன் கொடுக்கும்போது 'டிஸ்பர்ஸ்மென்ட்' என்று ஒரு தேதியும் தொகையும் லோன் கார்டில் இருக்கும். கையில் கொடுத்தது என்று பொருள். அதற்கு மேலே இருக்கும் சாங்ஷன் தொகை அனுமதித்தது. இரண்டுக்கும் இடையில் 'டிடக்ஷன்', பிடித்தம் என்று ஒன்று நுழைந்திருக்கும். நடைமுறைக் கட்டணம், இன்சூரன்ஸ் என்று பிடிப்பார்கள். கடனோடு சேர்த்து எதையாவது விற்பதானால் நம் சம்மதத்தோடுதான் செய்ய வேண்டும், கட்டணத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் போட்ட நுண்கடன் விதிகளில் இருக்கிறது. அந்த விதிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று. வருஷ வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு ஈடு இல்லாமல் கொடுக்கிற இந்தக் கடன்களுக்கு லோன் கார்டு கொடுக்க வேண்டும், அதில் உள்ளதெல்லாம் கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். அதாவது, நான் இவ்வளவு நேரம் கத்துகிற இங்கிலீஷே அந்தக் கார்டில் இருக்கக் கூடாது! தமிழில் கொடுங்கள் என்று கேட்பது நாம் செய்கிற வம்பு இல்லை, அவர்கள் செய்ய வேண்டிய வேலை. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் போடக் கூடாது என்றும் அதே விதியில் இருக்கிறது.

ஆனால் 'டிக்ளரேஷன்' என்ற பகுதியைக் கவனியுங்கள். உறுதிமொழி என்று அர்த்தம். விண்ணப்பத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். "மேலே உள்ளது எனக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டு கையெழுத்திடுகிறேன்" என்கிற வரியும் சில படிவங்களில் இருக்கும். வேடிக்கை என்னவென்றால் அந்த வரியே பல இடத்தில் இங்கிலீஷில்தான் அச்சடித்திருக்கும்! படித்துக் காட்டாமல் அந்த இடத்தில் கையெழுத்து வாங்கினால், நாளைக்கு "எனக்குப் புரியல" என்று சொல்ல முடியாதபடி நாமே கதவைப் பூட்டிக்கொள்கிறோம். எனவே டிக்ளரேஷன் என்ற வார்த்தையைப் பார்த்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். "படிச்சுச் சொல்லுங்க சார், அப்புறம் போடறேன்." இந்த ஒரு வரியை வீட்டில் இரண்டு தடவை சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். முதல் தடவை நாக்கு எழாது, இரண்டாவது தடவை வந்துவிடும்.

டெபாசிட்டுக்கு வருகிறேன். பணம் போட்டு வைப்பது என்றுதான் நமக்குத் தெரியும். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கும்போது 'டெபாசிட் ஆஃப் டைட்டில் டீட்ஸ்' என்று ஒரு ஆவணம் பதிவாகும். டீட் என்றால் பத்திரம். இங்கே டெபாசிட் என்றால் பத்திரத்தை ஒப்படைத்து அடமானம் வைப்பது. கேட்க இனிமையாக இருக்கிறது, வைப்பது வீடு. கடன் அடைந்ததும் பத்திரத்தை வாங்கியதோடு நிற்காமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிவு செய்தால்தான் வில்லங்கச் சான்றில் கடன் முடிந்தது தெரியும். இதைத்தான் 'டிஸ்சார்ஜ்' என்பார்கள். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் ஆகிற மாதிரி, கடனிலிருந்தும் டிஸ்சார்ஜ் ஆக வேண்டும்.

குழுக் கடன் விஷயத்தில் இன்னொன்று. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் குழுக்களுக்கு 10 லட்சம் வரை வங்கிக் கடன் கொடுக்கும்போது ஈடு கேட்கக் கூடாது, டெபாசிட் போடு என்று வற்புறுத்தக் கூடாது, குழுவின் சேமிப்பை முடக்கி வைக்கவும் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. யாராவது கேட்டால் மரியாதையாக எழுத்தில் கேளுங்கள், அந்தத் தாளைக் கூட்டமைப்புக்கு எடுத்து வாருங்கள்.

வங்கியில் நாம் போடும் டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. 2020-க்கு முன் 1 லட்சமாக இருந்தது. தெருமுனையில் போர்டு மாட்டி டெபாசிட் வாங்குகிறவர்களிடம் போடுவதற்கு இந்தக் காப்பீடு கிடையாது. அவர்கள் சொல்கிற 'டி' வேறே, 'டபுள்'. ஒரே வருஷத்தில் டபுள் ஆக வேண்டும் என்றால் மாசம் நூற்றுக்கு 8 ரூபாய் 33 பைசா வட்டி வர வேண்டும். வருஷத்துக்கு 7 பர்சென்ட் கூட்டு வட்டி என்றால் டபுள் ஆக சுமார் 10 வருஷம் ஆகும். எந்தத் தொழிலில் அந்த 8 ரூபாய் வரும் என்று கேளுங்கள். நம்ம ஊர் வட்டிக்காரரே அவ்வளவு வாங்கக் கூச்சப்படுவார்.

நேரமாகிவிட்டது, சமையல்காரம்மா எட்டிப் பார்க்கிறார். மீதியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 'டார்மண்ட்' என்றால் தூங்குகிற கணக்கு. 2 வருஷத்துக்கு மேல் நாமாக எதுவும் போடாமல் எடுக்காமல் இருந்தால் அப்படி ஆகும். அதை எழுப்பக் கட்டணம் கேட்கக் கூடாது, மினிமம் பேலன்ஸ் இல்லை என்று அபராதமும் போடக் கூடாது, 2024 ஏப்ரல் முதல் அப்படி விதி. 10 வருஷம் தூங்கினால் பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போகும், ஆனாலும் நம் பணம் நம் பணம்தான், வங்கியில் கேட்டு வாங்கலாம். அம்மா, மாமியார் பேரில் பழைய பாஸ்புக் பெட்டியில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று போனில் மிரட்டினால், அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்திலேயே கிடையாது, போனை வைத்துவிட்டு 1930-க்குக் கூப்பிடுங்கள். 'டெலிட்' என்றால் அழிப்பது. பணம் போனதாக வந்த மெசேஜை மட்டும் டெலிட் செய்யாதீர்கள், புகார் கொடுக்க அது வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் பாஸ்புக், வீட்டுக்காரர் பாஸ்புக், லோன் கார்டு மூன்றையும் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். ஊக்குநர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தொந்தி எழுத்து எங்கெங்கே இருக்கிறது என்று பென்சிலால் வட்டம் போடுவார்கள். ஜூன் மாசத்து டெபிட்டை முதலில் பாருங்கள். காப்பீடு இல்லாதவர்கள் பேரை அன்றைக்கே எழுதிக்கொண்டு, மறுநாள் வங்கிக்குச் சேர்ந்து போய்விடலாம். 'இ' எழுத்தா, 'ஐ' எழுத்தா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், இன்சூரன்ஸும் இன்ட்ரஸ்ட்டும் 'ஐ'யில்தான் இருக்கிறது.